ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்குத் தீர்வு இருக்கிறது என்று நிறுவியாயிற்று. அது மென்மையானது, அதாவது எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடக்கூடியது என்று தனியாக ஏன் நிறுவ வேண்டும்?

மென்மையான தீர்வையே நேரடியாகத் தேடினால் பெரும்பாலும் கையில் எதுவும் சிக்காது. நேரிலா நீள்வட்ட வகைச் சமன்பாடுகளில் வேலை இரண்டாகப் பிரிவது அதனால்தான்: முதலில் ஏதோ ஒரு தீர்வு, பிறகு அதன் மென்மை.

ஓர் ஆற்றல் தொகையீட்டை மிகக் குறைவாக்கும் சார்பு வேண்டும் என்று வையுங்கள். அப்படி ஒன்று இருக்கத்தானே செய்யும் என்று ரீமான் எடுத்துக்கொண்டார். 1870-இல் வையர்ஷ்ட்ராஸ், சிறும மதிப்பை எந்தச் சார்பும் எட்டாத ஒரு தொகையீட்டைக் காட்டிவிட்டார். சரி என்று பிற்காலத்தவர் நிபந்தனையைத் தளர்த்தினார்கள்: வகைக்கெழுவின் வர்க்கத்தைத் தொகையிட முடிந்தால் போதும். இப்படிப்பட்ட சார்புகள் அடங்கிய சோபொலெவ் வெளியில், ஆற்றல் குவிவாக (கிண்ணம்போல் வளைந்து) இருந்தால் தீர்வு கிடைத்துவிடும். ஆனால் கிடைத்தது கரடுமுரடாகவும் இருக்கலாம்.

இனிமேல்தான் சிக்கல். ஆற்றலைச் சிறுமமாக்கும் சார்பு ஒரு நீள்வட்ட வகைச் சமன்பாட்டை நிறைவுசெய்யும்; அதை ஒருமுறை வகையிட்டால், தீர்வின் வகைக்கெழு ஒரு நேரியல் சமன்பாட்டுக்குக் கட்டுப்படும். கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் அதன் குணகங்கள் அதே வகைக்கெழுவை நம்பித்தான் இருக்கின்றன! வகைக்கெழு ஹோல்டர் தொடர்ச்சி உடையது (இரு புள்ளிகளில் மதிப்புகளின் வேறுபாடு, தூரத்தின் ஒரு நேர் அடுக்கின் மடங்குக்குள் அடங்குவது) என்று மட்டும் தெரிந்தால், அத்தகைய குணகங்களுள்ள நேரியல் சமன்பாடுகளுக்கான ஷௌடர் மதிப்பீடுகள் தீர்வின் மென்மையைப் படிப்படியாக மேலே ஏற்றிவிடும். தெரியாதவரை, குணகங்கள் இரண்டு நேர் எண்களுக்கு நடுவே அடங்கும் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. இத்தகைய தீர்வுகள் எப்போதும் மென்மையானவைதானா என்று ஹில்பர்ட் 1900-இல் வைத்த 19-ஆவது கேள்வி இந்த ஒரு படியில்தான் மாட்டிக்கொண்டது. இரண்டு மாறிகளுக்கு மோரே 1938-இல் தாண்டினார். மூன்று மாறி என்றாலே அப்போது வழியில்லை.

1957 வாக்கில் இத்தாலியில் டி ஜியார்ஜியும் அமெரிக்காவில் நாஷும் ஒருவரையொருவர் அறியாமல் தாண்டினார்கள். ஆட்டக் கோட்பாட்டு நாஷேதான்; அவர் வெப்பப் பரவல் சமன்பாட்டின் வழியே வந்தார். எனக்கு டி ஜியார்ஜியின் வழிதான் பிடிக்கும். தீர்வு ஒரு மட்டத்தைத் தாண்டும் இடத்தை மட்டும் வெட்டி எடுக்கிறார். அங்கே வகைக்கெழுவின் ஆற்றலைத் தீர்வின் அளவே கட்டுப்படுத்துகிறது. சார்பின் அளவை வகைக்கெழுவால் கட்டுப்படுத்தும் சோபொலெவ் சமனிலி அதைத் திருப்பி இன்னும் கூர்மையாக்குகிறது. மட்டத்தை உயர்த்த உயர்த்த, தாண்டும் இடத்தின் கன அளவு வேகமாகச் சுருங்கி, ஓர் உயரத்தில் பூஜ்யமாகிவிடும். தீர்வு வரம்புக்குள் வந்தாயிற்று. அப்புறம் சிறு சிறு பந்துகளில் அதன் ஏற்ற இறக்கம் ஒரே விகிதத்தில் குறைவதைக் காட்டினால், ஹோல்டர் தொடர்ச்சி கையில்.

“எப்படியும் மென்மையாகத்தானே வரப்போகிறது” என்று இரண்டாவது வேலையைத் தள்ளிவிடவும் முடியாது. தெரியாத சார்பு ஒன்றல்ல, பல என்றால் கதையே வேறு. மூன்று, அதற்கு மேற்பட்ட பரிமாணங்களில், வரம்புக்குட்பட்ட குணகங்கள் உள்ள நீள்வட்டத் தொகுதி ஒன்றின் தீர்வு ஆதிப்புள்ளியில் தொடர்ச்சியற்றுப் போவதை 1968-இல் கட்டிக் காட்டியவரும் அதே டி ஜியார்ஜிதான்.