வெளிச்சம் பட்டால் அணு குளிருமா?

கேள்வி: சித்திரை வெயிலில் எங்கள் கிருஷ்ணகிரிப் பாறைகளில் கால் வைக்க முடிவதில்லை. ஆனால் லேசர் ஒளியை உட்கவரும் அணுக்கள் குளிர்ந்து, ஏறத்தாழ நின்றே விடுகின்றன என்று படித்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி விளக்கம் கேட்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?
— இயற்பியல் ஆசிரியை ஒருவர், பர்கூர்

பதில்: பாறை, தான் வாங்கிய ஒளியாற்றலை வெப்பமாகத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. வெற்றிடத்தில் தனித்திருக்கும் ருபீடியம் அணுவோ, 780 நானோமீட்டர் ஒளியை உட்கவர்ந்தால், சராசரியாக 26 நானோ விநாடியில் அதைத் திருப்பி உமிழ்ந்துவிடுகிறது. ஒளியை உட்கவரும்போதும் உமிழும்போதும் அணுவுக்கு ஒரு சிறு உதை கிடைக்கிறது. உமிழும்போது கிடைக்கும் உதை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசையில் விழுவதால் பெரும்பாலும் கழிந்துபோகிறது. உட்கவரும்போது கிடைத்த உதைகள் மட்டும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே வருகின்றன. பழைய தெருவிளக்குகளில் நாம் பார்த்த அதே சோடியம் ஒளியைக் கொண்டு, சோடியம் அணுக்கற்றையை வழிவிலகச் செய்து, இந்த உதையை 1933-இலேயே இயற்பியலாளர் ஓட்டோ ஃபிரிஷ் காட்டிவிட்டார்.

ஃபோட்டான் எனும் ஒளித்துகள் ஒன்றின் உதையால் ருபீடியம் அணுவின் வேகம் விநாடிக்கு 6 மில்லிமீட்டர் அளவே மாறும். அறை வெப்பநிலையில் விநாடிக்குச் சுமார் 300 மீட்டர் ஓடும் அணுவை நிறுத்த, ஏறத்தாழ 50,000 ஃபோட்டான்கள் வேண்டும். ஆயினும் விநாடிக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட முறை உட்கவர முடிவதால், அந்தத் தடை புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 10,000 மடங்காகிறது.

மாணவியிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான்: லேசரின் அதிர்வெண்ணை அணு விரும்பும் அதிர்வெண்ணைவிடச் சற்றுக் குறைவாக வைத்தால், டாப்ளர் விளைவின் காரணமாக (எதிர்த்து வரும் அணுவுக்கு ஒளியின் அதிர்வெண் சற்றுக் கூடித் தெரியும்), ஒளியை எதிர்த்து வரும் அணுவே அதை அதிகம் உட்கவரும். உமிழப்படும் ஒளி சராசரியாக, உட்கவர்ந்ததைவிடச் சற்றுக் கூடுதல் ஆற்றலுடன் வெளியேறுகிறது. அந்தக் கூடுதல், அணுவின் இயக்க ஆற்றலிலிருந்து எடுக்கப்பட்டது. குளிர்ச்சி என்பது இந்தக் கணக்குதான்.

மீக்குளிர் நிலையில் இதே உதை இடைஞ்சலாகிவிடுகிறது. 1995-இல் இயற்பியலாளர்கள் கார்னலும் வீமனும் ருபீடியத்தில் போஸ்–ஐன்ஸ்டைன் செறிவுநிலையை, அதாவது அணுக்கள் கூட்டமாக ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்துவிடும் நிலையை, ஏறத்தாழ 170 நானோகெல்வினில் கண்டார்கள். ஒரே ஒரு ஃபோட்டானின் உதையை வெப்பநிலையாகக் கணக்கிட்டால் 360 நானோகெல்வின் வரும்; அதை உட்கவரும் அணு அந்தக் கூட்டத்தை விட்டே வெளியேறிவிடும். ஆகவே கடைசிக் கட்டத்தில் லேசரை அணைத்துவிட்டு, அணுக்களைக் காந்தப்புலத்தால் பிடித்துவைக்கும் பொறியிலிருந்து சூடான அணுக்களை மட்டும் தப்பவிட்டுக் குளிர்விக்கிறார்கள். பிறகு ஒளி பாய்ச்சி, அணுக்கள் உட்கவர்வதால் விழும் நிழலைப் படமெடுக்கிறார்கள். அந்த ஒரு படத்தோடு கூட்டம் கலைந்துவிடுகிறது; அடுத்த படத்துக்கு, அறை வெப்பநிலையிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.