டியூன் செய்த பழைய ஸ்கூட்டருக்கு, விலை கட்டுப்படியான நம்பகமான கிராங்கை எப்படித் தேர்வு செய்வது?

பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க். சைக்கிளில் கால் ஏறி இறங்க, பெடல் வட்டமாகச் சுற்றுகிறதே, அதே வேலை.

பழைய டூ ஸ்ட்ரோக் வெஸ்பா, லாம்பிரெட்டாவில் இது ஒரே துண்டு அல்ல. இரண்டு எஃகு வட்டுகளை ஒரு பின்னில் (சிறு உருளைத் தண்டில்) இறுக்கி அழுத்திச் சேர்த்திருப்பார்கள். அந்தப் பிடிப்பை நம்பித்தான் எல்லாமே. டியூன் செய்தால், அதாவது அதிக சக்திக்காக எஞ்சினை மாற்றியமைத்தால், சுற்று ஏறும். நிமிடத்துக்கு 6,000 சுற்று 8,000 ஆனால், பிஸ்டனின் எடை தரும் இழுப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. பிடிப்பு நழுவினால் வட்டுகள் திருகிக்கொள்ளும், அப்புறம் பேரிங்கும் போய்விடும்.

மிதமான டியூனுக்கு, அசல் ஸ்ட்ரோக் அளவிலேயே (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்; வெஸ்பா பிஎக்ஸ் 200 என்றால் 57 மி.மீ.) நல்ல கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கம்பி) உள்ள சாதாரண கிராங்க்தான் என் தேர்வு. மிச்சமாகும் பணத்தில் அதன் கோணலைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரு முனையிலும் தாங்கி, டயல் கேஜ் (நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் அளவி) வைத்து மெதுவாகச் சுற்றும்போது ஊசி 0.03 மி.மீ.க்கு மேல் ஆடினால், நேராக்காமல் பூட்டவே பூட்டாதீர்கள். பிஎக்ஸில் வட்டின் விளிம்பே உள்ளே போகும் காற்று-பெட்ரோல் கலவைக்கு வால்வு, அதில் கீறலும் கூடாது.

பின்னை வெல்டிங் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வெல்டிங் இனித் திருகாமல் காக்குமே தவிர, ஏற்கெனவே கோணலான கிராங்கை நேராக்காது.