பதினொரு மணி வர்க்கியை என்ன செய்வது?

இரவு பதினொரு மணிக்குப் பசித்து வர்க்கி (நீலகிரியின் மொறுமொறுப்பான அடுக்கு பிஸ்கட்) சாப்பிடுவதை எப்படி விடுவது என்று குன்னூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வர்க்கியை விடுவதற்கு முன் இரவுச் சாப்பாட்டை மாற்றுங்கள். ஏழு மணிக்கு இரண்டு தோசை, சட்னி. பதினொன்றுக்குத் தேநீரும் வர்க்கியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழு மணித் தட்டில் புரதம் மிகக் குறைவு, நான்கு மணி நேரம் தாங்காது. ஒரு தோசையைக் குறைத்து, ஒரு கிண்ணம் பட்டாணிச் சுண்டலோ இரண்டு முட்டையோ சேருங்கள்.

வருவது பசிதானா என்று ஒரு வாரம் சோதியுங்கள். பதினொரு மணிக்கு மீதிச் சுண்டலைச் சாப்பிடத் தோன்றுகிறதா? அப்படியானால் பசிதான், கொஞ்சம் சாப்பிடுங்கள், தவறில்லை. வர்க்கிதான் வேண்டும் என்றால் பழக்கம், அல்லது குன்னூர்க் குளிர். கம்பளியும் வெந்நீரும் போதும். அந்த நேரத்துத் தேநீர் தூக்கத்தையும் கெடுக்கும்.

வர்க்கி கையில் கனக்காது, ஆனால் மைதாவும் கொழுப்பும் அடுக்கடுக்காகச் சேர்ந்த பண்டம்; கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. பொட்டலமாக வாங்கி வைத்துக்கொண்டு மனவுறுதியைத் திட்டுவதில் பயனில்லை. நான்கைந்து மட்டும் வாங்கிக் காலையில் சாப்பிடுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் மேலே சொன்னதை அப்படியே பின்பற்றாதீர்கள். நடுக்கம், வியர்வையோடு வரும் பசி சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். இரத்தச் சர்க்கரை அளவு 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு, மருத்துவரிடம் தெரிவியுங்கள்.