மின்ட் போட்டதும் வைஃபை காணோம்: பிராட்காம் 43142

விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) போட்டதாகவும், வைஃபை பட்டியலே வரவில்லை, கார்டு பிராட்காம் பிசிஎம்43142 என்றும் சொல்கிறீர்கள். கார்டு கெட்டுப்போகவில்லை நண்பரே. இந்தச் சிப்புக்குக் கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) வரும் திறந்தமூல டிரைவர் உதவாது, பிராட்காமின் மூடிய, அதாவது மூலநிரல் வெளியிடப்படாத டிரைவர்தான் வேண்டும், அதை இறக்கவோ இணையம் வேண்டும், எல்லோரும் முட்டிக்கொள்வது அங்கேதான்.

ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் வசதி) ஆன் செய்யுங்கள், மின்ட் அதை ஒயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அப்புறம் மின்டிலேயே இருக்கும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் பெயரில் ஒன்று இருக்கும், அதை நிறுவி ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

அப்படியும் வரவில்லையா? அநேகமாகச் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்புதான் காரணம். நம்பகமான டிஜிட்டல் கையொப்பமில்லாத மாட்யூலை (இங்கே அந்த டிரைவரை) அது ஏற்றவிடாது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருந்தால் அடுத்த பூட்டில் நீலத் திரை வரும், பலர் பயந்துபோய் கன்டினியூ அழுத்திவிடுகிறார்கள். அதில் என்ரோல் மோக் (Enroll MOK, கையொப்பச் சாவியைப் பதிவது) என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். முடியவில்லை என்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட்டையே அணைத்துவிடுங்கள்.

மூடிய டிரைவரே பிடிக்காது என்றால் (எனக்கும்தான்) ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி அடாப்டர் வாங்கலாம், அதற்கு ஃபர்ம்வேர்கூட (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) திறந்தமூலமாகக் கிடைக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ஆனால் உங்கள் பழைய கார்டும் அப்படித்தானே.