ட்ராக்குக்குப் போகிற காருக்கு ஆயில் பேன் பேஃபிள் தேவையா?

கேள்வி: டொயோட்டா ஜிஆர்86 வைத்திருக்கிறேன். வார நாட்களில் வேலைக்குப் போக, மாதம் ஒரு முறை செப்பாங் பந்தயப் பாதையில் ட்ராக் டே (சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்). அண்மையில் செமி-ஸ்லிக் டயர் (ட்ராக்குக்கான, பிடிப்பு அதிகமான டயர்) மாட்டினேன். "இந்த எஞ்சினில் நீளமான வலது வளைவில் ஆயில் பிரஷர் விழும், பேஃபிள் போடாவிட்டால் எஞ்சின் போச்சு" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ஒரு பட்டறையில் பொருள், கூலி எல்லாம் சேர்த்து 2,200 ரிங்கிட் கேட்கிறார்கள். வாரண்டி இன்னும் முடியவில்லை. போடலாமா?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் 2,200 ரிங்கிட்டில் முதலில் வாங்க வேண்டியது பேஃபிள் (ஆயில் பேனுக்குள் வைக்கும் தடுப்புத் தகடு) அல்ல, ஆயில் பிரஷர் கேஜ், அதாவது எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்.

எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் பேனில்தான் எண்ணெய் தேங்கி நிற்கிறது. பம்பின் உறிஞ்சு குழாய் அதில் முங்கியிருக்கும். வளைவில் போகும்போது எண்ணெய் வெளிப்பக்கம் ஒதுங்கும். எவ்வளவு ஒதுங்கும் என்பது எளிய கணக்கு: பக்கவாட்டு விசை அரை ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு விசையின் அளவு) என்றால் எண்ணெயின் மட்டம் ஏறத்தாழ 27 டிகிரி சாயும், ஒரு ஜி என்றால் 45 டிகிரி. அலுவலகம் போய்வரும் சாலையில் 0.3 ஜியைத் தாண்டுவதே அரிது. செமி-ஸ்லிக் போட்டு செப்பாங்கில் விரட்டினால் ஒரு ஜியைத் தொட்டுவிடலாம். அங்கே 15 வளைவுகளில் 10 வலப்பக்கம். முதல் வளைவே உள்நோக்கிச் சுருண்டுகொண்டே போகிற நீண்ட வலது வளைவு. இளநீர் தீரும்போது ஸ்ட்ரா கொறகொறவென்று காற்றை இழுக்குமே, அதே வேலையை 7,000 ஆர்பிஎம்மில் ஆயில் பம்ப் செய்தால் முதலில் அடிவாங்குவது கனெக்டிங் ராட் பேரிங், அதாவது பிஸ்டனைச் சுழலும் தண்டோடு (கிராங்க் ஷாஃப்ட்) இணைக்கும் கம்பியின் தாங்கி. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் அது ஓடுகிறது. படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். பழைய போர்ஷே 944-இல் இரண்டாம் எண் ராட் பேரிங் மட்டும் அடிக்கடி போகும் என்று பெயர் எடுத்ததற்கும் இந்த எண்ணெய்ப் பஞ்சம்தான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

பேஃபிள் என்பது பேனுக்குள் வைக்கிற தடுப்புத் தகடு. நல்லதாக இருந்தால் உறிஞ்சு குழாயைச் சுற்றி ஒரு சின்ன அறை கட்டியது போல இருக்கும், உள்பக்கம் மட்டும் திறக்கும் குட்டிக் கதவுகளோடு. எண்ணெய் உள்ளே வரலாம், சாயும்போது வெளியே ஓட முடியாது. கிராங்க் ஷாஃப்டுக்கு நேர் கீழே வைக்கிற விண்டேஜ் ட்ரே வேறு சமாச்சாரம். சுழலும் கிராங்க் எண்ணெயைக் கடைந்து நுரையாக்காமல் தடுப்பது அது. பட்டறையில் எதைப் போடப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே பெயரில் விற்பவர்கள் உண்டு.

இனி உங்கள் எஞ்சின். 2.4 லிட்டர் பாக்ஸர், சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும். நேராக நிற்கும் எஞ்சினில் மேலே ஏறின எண்ணெய் தானாகக் கீழே வடியும். இதில் சிலிண்டர் ஹெட் பக்கவாட்டில் இருப்பதால், நீண்ட வளைவில் வெளிப்பக்க ஹெட்டுக்குப் போன எண்ணெய் வளைவு முடியும் வரை பேனுக்குத் திரும்பத் தயங்கும். பேஃபிள் பேனில் இருக்கும் எண்ணெயைத்தான் பிடித்து வைக்கும். பேனுக்கு வராத எண்ணெயை அது என்ன செய்யும்? அதனால்தான் இந்த எஞ்சினில் பேஃபிள் பிரஷர் வீழ்ச்சியைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்தும் என்று யாரும் உங்களுக்குச் சத்தியம் செய்து தரக் கூடாது.

இன்னொன்று, இந்த எஞ்சினில் ஊரறிந்த விஷயம். பேனையும் முன்பக்க மூடியையும் ஒட்டுகிற சிலிகான் பசை சில வண்டிகளில் அளவுக்கு மீறிப் பிதுங்கி, துணுக்காக உதிர்ந்து, உறிஞ்சு குழாயின் வலையில் போய் அடைத்துக்கொண்டது. அடைத்த வலைக்கு முன்னால் எந்தப் பேஃபிளும் பிரயோஜனமில்லை. பேனைக் கழற்றினால் முதல் வேலையாக டார்ச் அடித்து வலையைப் பாருங்கள். திரும்ப மாட்டும்போது பசையைத் தாராளமாகப் பூசுகிற மெக்கானிக்கிடம் மட்டும் வண்டியைக் கொடுக்காதீர்கள். பிரச்சினையை நாமே காசு கொடுத்து உள்ளே வைத்ததாகிவிடும்.

டாஷ்போர்டில் ஆயில் விளக்கு இருக்கிறதே என்று நினைக்கலாம். அது பிரஷர் அநேகமாகச் செத்த பிறகுதான் எரியும். 6,000 ஆர்பிஎம்மில் பிரஷர் பாதியாக விழுந்தாலும் அது வாய் திறக்காது. பதிவு செய்யும் வசதியுள்ள கேஜ் ஒன்றைப் போட்டு, அடுத்த ட்ராக் டேயில் வழக்கம்போல ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பாருங்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) என்பது பழைய கைக்கணக்கு. இன்றைய மெல்லிய 0டபிள்யூ-20 எண்ணெயில் அதைவிடக் குறைவாகக் காட்டலாம், பதற வேண்டாம். பார்க்க வேண்டியது, அதே ஆர்பிஎம்மில் நேர்பாதையில் இருக்கிற பிரஷருக்கும் வலது வளைவில் இருக்கிற பிரஷருக்கும் உள்ள வித்தியாசம். கோடு வளைவில் பள்ளமாக விழுந்தால் பேஃபிள் போடுங்கள். போட்ட பிறகும் அதே கேஜ்தான் காசு வேலை செய்ததா என்று சொல்லும். விழவில்லை என்றால் பணத்தைப் பிரேக் பேடுக்கும் எண்ணெய்க்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கதவின் கீல் ஊசி இரண்டு முனையிலும் அடைத்திருக்கிறதா? வெல்டிங் பொரி ஒட்டியிருக்கிறதா? தகட்டை வைத்த பிறகு குழாயின் வாய்க்கும் பேனின் தரைக்கும் உள்ள இடைவெளி பழையபடியே இருக்கிறதா? பேனிலேயே வெல்டு செய்து தருகிறேன் என்றால், சூட்டில் விளிம்பு கோணிக்கொள்ளும், பிறகு காலமெல்லாம் எண்ணெய் கசியும்.

வாரண்டி பற்றி: வெளிப் பட்டறையில் பேனைத் திறந்தால், நாளை பேரிங் போனாலும் கசிவு வந்தாலும் மறுக்க ஒரு காரணம் கொடுத்தவராவீர்கள். ட்ராக்கில் ஓட்டியதே ஒரு காரணம், அது தனிக் கதை. வாரண்டி புத்தகத்தில் பந்தயம் பற்றிய விதிவிலக்கைப் படித்துவிட்டு, பேஃபிள் பற்றி விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

கேள்வி: பேஃபிளுக்குப் பதில் அரை லிட்டர் எண்ணெய் கூடுதலாக ஊற்றினால் போதாதா?
– அதே வாசகர்

பதில்: எண்ணெயை டிப்ஸ்டிக்கின் (எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி) மேல் கோட்டில் வைத்துக்கொண்டு ட்ராக்குக்குப் போவது நல்ல பழக்கம், செலவும் இல்லை. ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் வண்டி ஆறினதும் பாருங்கள், குறைந்திருக்கலாம். கோட்டுக்கு மேலே ஊற்றினால் கிராங்க் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும் ஆபத்து இருக்கிறது. நுரையை உறிஞ்சுவதும் காற்றை உறிஞ்சுவதும் பேரிங்குக்கு ஒன்றுதான்.

கேள்வி: பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. ட்ராக்குக்குப் போவதில்லை, வார இறுதியில் மலைப்பாதை மட்டும். எனக்கும் பேஃபிள் வேண்டுமா?
– வாசகர், ஈப்போ

பதில்: வேண்டாம். அந்த வண்டியில் பேனைக் கழற்ற எஞ்சினைத் தூக்க வேண்டும் அல்லது கீழ்ச் சட்டத்தை இறக்க வேண்டும். பொருளின் விலையைக் கூலி தூக்கிச் சாப்பிட்டுவிடும். வேறு வேலைக்காக எஞ்சின் என்றைக்காவது வெளியே வந்தால், அப்போது யோசிக்கலாம்.