ஆசிரியர் தகுதியும் நலனும் ஒரே கேள்வியா?

ஆசிரியர் தகுதித் தேர்வைக் கடுமையாக்கினாலே கற்பித்தல் மேம்பட்டுவிடாதா, ஆசிரியர் நலனைக் கல்விக் கொள்கைக்குள் ஏன் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வு தேவைதான், ஆனால் பொதுப் பிரிவினருக்கு 150 மதிப்பெண்ணுக்கு 90 என்னும் தேர்ச்சி வரம்பு, வேலைக்குள் நுழையும் நாளின் அறிவை மட்டுமே அளக்கிறது.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் பீஞ்சமந்தை போன்ற ஜவ்வாது மலைப்பகுதி ஊர்களை எண்ணிப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்களே போதும். அவர்களில் ஒருவர் பயிற்சிக்குக் கீழே இறங்கிவிட்டால், மற்றவர் ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கில் மீதியோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கும். பள்ளி விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் செயலியில் வருகையைப் பதிவேற்ற சிக்னல் தேடி அலைவது தனிக்கதை. அங்கே குடியிருப்பு, பயண வசதி, மாற்று ஆசிரியர் ஆகியவை சலுகைகள் அல்ல, கற்பித்தலுக்கான கருவிகள் என்பேன்.

2009ஆம் ஆண்டின் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஆசிரியருக்குரிய தகுதியோடு சம்பளம், பணி நிபந்தனைகளையும் சேர்த்தே பேசுகிறது; 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணிகள் தவிர வேறு கல்வி சாராப் பணிகளுக்கு அவர்களை அனுப்பக் கூடாது என்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்களும் 2 ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது, இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவர்களும் கலங்கிப்போனார்கள். அவர்களுக்குப் படிக்க நேரமும் பயிற்சியும் தராமல் தேர்வை மட்டும் நடத்துவது பாதிக் கொள்கைதான்.