கோடைக்கால ஆங்கில நாவல்களில் வரும் நான்டக்கெட் தீவில் பணக்காரர், வேலைக்காரர் இடைவெளி நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறதா?

எலின் ஹில்டர்பிராண்ட் நாவலிலிருந்து எடுத்த 'தி பெர்ஃபெக்ட் கப்பிள்' நெட்ஃப்ளிக்ஸ் தொடரைப் பார்த்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். இடைவெளி நிஜம்தான். ஆனால் கதைகள் அதைக் காட்டும் இடம் வேறு, அது உண்மையில் இருக்கும் இடம் வேறு என்பது என் எண்ணம். பாஸ்டன் பக்கம் வேலையில் இருந்தபோது இந்த நாவல்களை வாங்கி வாங்கிப் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நான்டக்கெட், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் காட் தீபகற்பக் கரையிலிருந்து சுமார் 30 மைல் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி நிரந்தரமாக வசிப்பவர்கள் 14,255 பேர். கோடையில் கூட்டம் பல மடங்காகிவிடும். அந்தக் கோடை நாவல்களுக்குப் பேர்போன ஹில்டர்பிராண்ட் 1990களில் அங்கே குடியேறியவர். 2000-இல் முதல் நாவல், 2024-இல் தன் கடைசி நான்டக்கெட் கோடை நாவல் என்று அறிவித்து 'ஸ்வான் சாங்'. இடையில் வந்த பெரும்பாலானவற்றில் கடற்கரையும் விருந்தும் ரகசியமும் உண்டு.

அவருடைய கதைகளில் வர்க்கம் பெரும்பாலும் கல்யாணத்தின் வழியாகத்தான் உள்ளே வரும். 'தி பெர்ஃபெக்ட் கப்பிள்' அப்படித்தான்: சாதாரணக் குடும்பத்துப் பெண், பெரிய வீட்டுப் பையன், மாமியார் புகழ்பெற்ற எழுத்தாளர், கல்யாணத்தன்று காலையில் மணப்பெண்ணின் தோழி பிணமாகக் கடலில். 'ஸ்வான் சாங்'கில் புதுப் பணக்காரத் தம்பதி ஒன்று 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு வீடு வாங்கிக்கொண்டு வந்து இறங்குகிறது. பழைய பணக்காரர்களின் கிளப்பில் இவர்களைச் சேர்ப்பார்களா மாட்டார்களா என்பது அதில் பெரிய கேள்வி. ஆக, சண்டை நிறையப் பணம் உள்ளவனுக்கும் அதைவிட நிறையப் பணம் உள்ளவனுக்கும்தான். படிக்க ஜோராக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

தீவில் நிஜமான கோடு வேறு இடத்தில் ஓடுகிறது. உன்னிடம் வீடு இருக்கிறதா, இல்லையா? நடுவாந்திரமான வீடே அண்மைக் காலத்தில் 30 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. தாத்தா காலத்து வீடு கையில் உள்ள பிளம்பர், காகிதக் கணக்கில் கோடீஸ்வரர். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியருக்கோ நர்ஸுக்கோ தலைசாய்க்க இடம் கிடைக்காது. குளிர்காலத்துக்கு வாடகைக்கு எடுத்த வீட்டை மே, ஜூனில் காலி செய்ய வேண்டும், ஏனென்றால் சொந்தக்காரர் அதை வாரக்கணக்கில் கோடை விருந்தினருக்கு விடுவார். கோடை முடியும்வரை நண்பர் வீடு, யாருடைய வீட்டு நிலவறையோ, எங்காவது. இலையுதிர் காலத்தில் மறுபடி பெட்டியைத் தூக்க வேண்டும். இதற்கு 'நான்டக்கெட் ஷஃபிள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இன்னும் சிலர் தீவில் தங்கும் ஆசையையே விட்டுவிட்டவர்கள். கேப் காட் கரையிலுள்ள ஹயானிஸ் துறையில் நான் ஏறிய காலைப் படகில் ஊர் சுற்றப் போகிறவர்களைவிடக் கருவிப் பையோடு வந்த தச்சர்களும் எலக்ட்ரீஷியன்களும்தான் அதிகம். மாலைப் படகில் அவர்கள் திரும்பிவிடுவார்கள்.

இதெல்லாம் வெளியே தெரியாது. தீவு முழுவதுமே பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதி, எதைக் கட்டினாலும் அனுமதி வேண்டும். அதனால் கோடீஸ்வரர் வீடும் சரி, மளிகைக் கடையும் சரி, அதே சாம்பல் நிற மெல்லிய மரப்பலகைத் துண்டுகளைத்தான் போர்த்தியிருக்கும். அங்கே கௌரவமான உடைகூடச் சாயம் போன சிவப்புக் காற்சட்டைதான். எவ்வளவு வெளுத்திருக்கிறதோ அவ்வளவு மதிப்பு!

வீட்டு விலை ஏற ஒரு காரணம், பாதி நல்ல காரணம். 1983-இல் தீவுக்காரர்கள் ஒரு நில வங்கி அமைத்தார்கள். சொத்து வாங்குபவர் 2 சதவீதம் கட்டணம் தர வேண்டும், அந்தப் பணத்தில் திறந்தவெளி நிலத்தை வாங்கிக் காப்பாற்றுவார்கள். நிலத்தைப் பாதுகாக்கும் பழைய அறக்கட்டளைகள் வைத்திருப்பதையும் சேர்த்தால் தீவில் ஏறக்குறைய பாதியில் இனி வீடே கட்ட முடியாது. நாவல்களில் வரும் அந்த அழகான புல்வெளிகள் தப்பித்தது இப்படித்தான். மிச்ச நிலத்தின் விலை எகிறியதற்கும் இதில் பங்கு உண்டு. இதே மாதிரி ஒரு கட்டணத்தை வீட்டுவசதிக்கும் வசூலிக்க அனுமதி கேட்டு, தீவு பல வருடமாக மாநிலச் சட்டமன்றத்தின் கதவைத் தட்டுகிறது. 2024-இல் மாநிலம் பெரிய வீட்டுவசதிச் சட்டம் கொண்டுவந்தபோதும் இறுதி வடிவில் அந்த அம்சம் இல்லை.

ஹில்டர்பிராண்டுக்கு இது தெரியாமல் இல்லை. 2022-இல் வந்த 'தி ஹோட்டல் நான்டக்கெட்' முழுக்க ஒரு ஹோட்டல் ஊழியர்களைச் சுற்றித்தான் நடக்கிறது. அதில் 1922 தீ விபத்தில் செத்துப்போன பணிப்பெண்ணின் பேயும் ஒரு பாத்திரம். (தீவில் வாடகைக் கவலை இல்லாத ஒரே ஊழியர் அவர்தான் போல.) ஆனால் கோடை வாசகர் விடுமுறைக்காகப் படிக்கிறார். வாடகை ஒப்பந்தத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதினால் யார் வாங்குவார்கள்?

வர்க்கத்தை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன கோடை நாவல் ஒன்று உண்டு, நம்ப மாட்டீர்கள்: 1974-இல் வந்த 'ஜாஸ்'. படத்தில் சுறா மட்டும்தான் மனதில் நிற்கும். பீட்டர் பெஞ்ச்லியின் நாவலில் போலீஸ் அதிகாரியின் மனைவி எலன், கோடையில் வந்துபோகும் வசதியான குடும்பத்தில் வளர்ந்தவள். உள்ளூர்க்காரரைக் கட்டிக்கொண்டு, தான் பழகிய உலகத்தை இப்போது எட்டி நின்று பார்க்கிறாள். அந்த ஏக்கம் அவளை எங்கெல்லாம் கொண்டுபோகிறது என்பது நாவலில் பெரிய பகுதி, படத்தில் அதை எடுத்துவிட்டார்கள். சுறா வந்தும் கடற்கரையை மூட ஊர் தயங்குவதும் வெறும் பேராசை இல்லை, கோடை படுத்தால் அந்த ஊருக்குக் குளிர்காலத்தில் வருமானமே இல்லை. கதை நடப்பது லாங் ஐலண்ட் ஊர் ஒன்றில் என்றாலும், பெஞ்ச்லி சிறுவயதுக் கோடைகளை நான்டக்கெட்டில் கழித்தவர்.

தொடர் பிடித்திருந்தால் அடுத்து 'தி ஹோட்டல் நான்டக்கெட்' படியுங்கள். அப்புறம் 'ஜாஸ்', படத்தை மறந்துவிட்டு.